பையைத் திறக்க இரண்டு வழி

மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறிப் பள்ளிக்குப் போகிறாள் என் மகள், ஒன்பதாவது. போன மாதம் செல்போன் தேடுகிறோம் என்று வகுப்பு முழுவதையும் நிற்கவைத்து, பைகளைப் பெஞ்சில் கவிழ்த்தார்கள். டிபன் பாக்ஸோடு அவளுடைய நாப்கின் பாக்கெட்டும் எல்லார் முன்னாலும் விழுந்தது. இரண்டு நாள் அவள் பள்ளிக்கே போகவில்லை.

மொத்தமாகச் சோதித்தால் வேலை சீக்கிரம் முடியும், யாரையும் தனியாகக் குறிவைத்ததாகாது. சரி, அது நியாயம்தான்.

இன்னொரு வழி, சந்தேகத்துக்குக் காரணம் இருக்கும் பிள்ளையை மட்டும் தனியறைக்கு அழைத்து, காரணத்தைச் சொல்லி, அவள் கையாலேயே திறக்கச் சொல்வது. ஆசிரியை ஒருவர் கூட இருக்க வேண்டும். நேரம் பிடிக்கும். ஆனாலும் எனக்கு இதுதான் சரி.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-லேயே மாணவர் பையைச் சோதிக்க நியாயமான சந்தேகம் வேண்டும் என்றது. 2009-ல், வலி மாத்திரை தேடி 13 வயதுச் சிறுமியை உள்ளாடை வரை சோதித்தது தவறு என்றது. நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். பள்ளிப் பையைப் பற்றிய வழக்கல்ல அது. ஆனால் பிள்ளைகளும் குடிமக்கள்தானே?

அப்புறம், போன் கிடைத்தால் வாங்கி வைக்கட்டும். உள்ளே இருக்கும் மெசேஜைப் படிக்க வேண்டாம்.