ஸ்டீம் சில்லர்: மிஷின் நல்ல மிஷின், தண்ணீர்தான் பிரச்சினை

ஆம்பூரில் மெயின்டனன்ஸ் பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "பாய்லர்ல ஸ்டீம் மிச்சம் இருக்குண்ணே, வேம் மிஷின் போட்டுடலாமா?" வேம் (VAM) என்பது கரண்டுக்குப் பதில் ஸ்டீம் சூட்டில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். ராணிப்பேட்டையில் நாங்கள் 100 டன் (குளிர்விக்கும் திறனின் அளவு) டபுள் எஃபெக்ட் மிஷின், அதாவது ஸ்டீம் சூட்டை இரண்டு கட்டமாகப் பயன்படுத்தும் வகை, ஓட்டுகிறோம். ட்யூப் கிளீனிங் இப்போதுதான் முடிந்தது. அந்தக் கோபம் அடங்குவதற்குள் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரசரே கிடையாது. பக்கத்தில் நின்று குரலை உயர்த்தாமல் பேசலாம். இதே 100 டன்னுக்கு கரண்ட் சில்லர் போட்டால் 70 கிலோவாட் பக்கம் இழுக்கும். இதில் உள்ளே ஓடும் சின்ன பம்புகளுக்கு மட்டும்தான் கரண்ட். ஸ்டீம், டன்னுக்கு மணிக்கு 4 கிலோ சொச்சம். வேக்கம் இறங்கிவிடும், கரண்ட் போனால் உள்ளே ஓடும் லித்தியம் புரோமைடு கரைசல் படிகமாக உறைந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். உள்ளே சேரும் காற்றை வெளியேற்றும் பர்ஜ் வேலையை ஒழுங்காகச் செய்து, டீசல் ஜெனரேட்டரும் தயாராக இருந்தால் அதெல்லாம் சமாளிக்கலாம்.

சமாளிக்க முடியாதது கூலிங் டவர் தண்ணீர். அறையிலிருந்து எடுத்த சூட்டோடு ஸ்டீம் கொண்டுவந்த சூட்டையும் டவர்தான் வெளியே தள்ள வேண்டும். கரண்ட் சில்லரில் டன்னுக்கு மணிக்கு ஆறேழு லிட்டர் ஆவியாகும் என்றால் இதில் ஒன்பது. உப்பு ஏறிய தண்ணீரை வடித்துவிடும் ப்ளோடவுனையும் சேர்த்து முழு லோடில் இராப்பகலாக ஓட்டினால், நாளுக்கு 30,000 லிட்டர் வேண்டும். அதாவது 12,000 லிட்டர் லாரி இரண்டரை. பாலாறு மணலாகக் கிடக்கிற ஊரில் இதை யாரிடம் போய்க் கேட்பது?

போர் தண்ணீரின் லட்சணம் ஊரறிந்தது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த உப்பெல்லாம் டவரில் சுண்டி, ட்யூபுக்குள் போய் உட்காருகிறது. இந்த முறை டவர் தண்ணீர் முதலில் நுழையும் அப்சார்பர் பகுதியின் எண்ட் கவரைக் கழற்றியபோது, ட்யூப் வாயெல்லாம் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை. நைலான் பிரஷ் பாதி தூரத்தில் சிக்கிக்கொண்டது. ஆசிட் ஓட்டித்தான் இளக்க வேண்டியிருந்தது. ஸ்கேல் என்கிற இந்தப் படிவு ஏற ஏற, மிஷினுக்குள் ஸ்டீம் சூட்டில் கரைசல் கொதிக்கும் பகுதியில் (அதற்கும் பெயர் ஜெனரேட்டர்தான்) பிரஷர் ஏறும், குளிர்ச்சி குறையும், ஒரு கட்டத்தில் மிஷின் தானாக ஸ்டீம் வால்வை மூடிக்கொள்ளும். அதன் மேல் தப்பே இல்லை. பாவம், தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

இன்னொன்று. அக்னி நட்சத்திரத்தில்தான் திணறும் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. வேலூர் வெயில் காய்ந்த வெயில், டவர் நன்றாகவே குளிரும், தண்ணீரைத்தான் மடமடவென்று குடிக்கும். மிஷின் மூச்சு வாங்குவது மழைக்குப் பிந்தைய புழுக்கத்தில். காற்றிலேயே ஈரம் இருந்தால் டவர் தண்ணீர் எப்படி ஆறும்?

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்ல மனசு வரவில்லைதான். ஆனாலும் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னரும் நம்பகமான நீர் ஆதாரமும் கையில் இல்லாமல் இந்த மிஷினை வாங்காதீர்கள். எவ்வளவு ஸ்டீம் மிஞ்சினாலும் சரி. அப்புறமும் ஆசை விடவில்லையென்றால், போர் தண்ணீர் ரிப்போர்ட்டை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். டிசம்பரில் எடுத்தது வேண்டாம், மே மாதத்தில் எடுத்ததாக இருக்கட்டும்.