அவைக்குள் அயல்நாட்டுக் கொடி: டெல்லி, பாரிஸ், வாஷிங்டன் வழிகளில் கேப் டவுனுக்கு எது பொருந்தும்?

டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் ஒரு விழா மேடையில் தென்னாப்பிரிக்கக் கொடியோடு இந்திய மூவர்ணக் கொடியையும் நாட்டினால் யாரும் தடுக்கப் போவதில்லை. 2001-இல் அரசிதழில் வந்த கொடி விதிகளை மதித்தால் போதும். அதே துணியை ஓர் உறுப்பினர் கேப் டவுனில் நம் நாடாளுமன்ற அவைக்குள் விரித்துப் பிடித்தால் விவகாரம் வேறு. 2023 நவம்பர் 21 அன்று இஸ்ரேல் தூதரகத்தை மூடக் கோரும் தீர்மானம் நம் அவையில் 248-க்கு 91 என்ற கணக்கில் நிறைவேறியது. இப்படிப்பட்ட விவாதங்கள் இனியும் வரும். கொடி பற்றிய விதி தெளிவாக இருக்க வேண்டியது அந்த நாட்களுக்காகத்தான்.

டெல்லியின் வழி எளியது. மக்களவையின் 349-ஆம் விதிப்படி கொடி, சின்னம், காட்சிப்பொருள் எதையும் உறுப்பினர் அவைக்குள் காட்டக் கூடாது. எந்த நாட்டுக் கொடி, நட்பு நாடா பகை நாடா என்று சபாநாயகர் பார்க்க வேண்டியதில்லை. அதுவே இதன் பெரிய பலம். ஓட்டை ஓரத்தில் இருக்கிறது. 2024 டிசம்பரில் பிரியங்கா காந்தி ‘பாலஸ்தீனம்’ என்று எழுதிய கைப்பையோடு நாடாளுமன்றத்துக்கு வந்தார். பை கொடியா, சின்னமா, வெறும் பையா? பொருளைத் தடுக்கும் விதி, உடுப்பு, பை என்று வந்ததும் தடுமாறும்.

பாரிஸில் தண்டனைதான் முன்னே நிற்கிறது. 2024 மே 28 அன்று செபாஸ்தியான் தெலோகு என்ற இடதுசாரி உறுப்பினர் அவையில் பாலஸ்தீனக் கொடியை உயர்த்தினார். அன்றே 15 நாள் வெளியேற்றம், இரண்டு மாதத்துக்குப் பாதி ஊதியம் வெட்டு. பிரெஞ்சு அவை விதிகளில் உள்ள உச்சத் தண்டனை அது. இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்து செல்லும் 7 உறுப்பினர்களுக்கும் இதே விதிதான். இதில் பெரிய குறை, தீர்ப்பை யார் சொல்கிறார்கள் என்பது. அவையின் நிர்வாகக் குழு முன்மொழியும், அவை விவாதமில்லாமல் எழுந்து நின்று வாக்களிக்கும். பெரும்பான்மை சிறுபான்மையைத் தண்டிக்க இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. பலனும் கிடைக்கவில்லை. ஜூன் 4 அன்று இன்னோர் உறுப்பினர் அதே கொடியைக் காட்டினார். இடதுசாரி உறுப்பினர்கள் பலர் அந்தக் கொடியின் நிறங்களில் உடுத்தி வந்து அமர்ந்தார்கள். துணியைப் பறிக்கலாம், சட்டையின் நிறத்தை என்ன செய்வது?

வாஷிங்டனில் நடந்தது இன்னும் சிக்கல். 2024 ஏப்ரல் 20 அன்று உக்ரைன் உதவி மசோதா 311-க்கு 112 என்று நிறைவேறியபோது உறுப்பினர்கள் கையடக்க உக்ரைன் கொடிகளை அசைத்தார்கள். அது அவை ஒழுங்குக்கு முரண் என்று தலைமையிடத்திலிருந்து எச்சரிக்கை வந்தது, அவ்வளவே. 500 டாலர் அபராதம் என்று கடிதம் போனது அந்தக் காட்சியைப் படம் பிடித்து வெளியிட்ட உறுப்பினர் தாமஸ் மாஸிக்கு. அவைக்குள் படம் பிடித்தால் அபராதம் என்று எழுதப்பட்டிருந்தது, கொடி அசைத்தால் என்ன என்று எழுதப்படவில்லை. பிறகு அந்த அபராதமும் கைவிடப்பட்டது. இத்தனைக்கும் 2022 டிசம்பர் 21 அன்று உக்ரைன் அதிபர் செலென்ஸ்கி உரையாற்ற வந்தபோது, அதே மண்டபத்தில் அவர் தந்த கொடியை அவருக்குப் பின்னால் நின்ற இரு அவைகளின் தலைவர்களும் விரித்துக் காட்டினார்கள். விருந்தினர் வரும் நாளையும் வாக்கெடுப்பு நாளையும் பிரித்து எழுதாததன் விளைவு இது.

இனி கேப் டவுன். அரசியலமைப்பின் 58-ஆம் பிரிவு, உறுப்பினர் அவையில் பேசியதற்கு மட்டுமல்ல, அவை முன் வைத்த பொருளுக்கும் வழக்கிலிருந்து காப்பு தருகிறது. ஆனால் பேச்சுரிமை அவை விதிகளுக்கு உட்பட்டது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே கொடி காட்டியவர் மீது நீதிமன்றம் போக முடியாது என்று வாதிடலாம், அவைக்குள் நடவடிக்கை எடுக்கவே முடியாது என்று வாதிட முடியாது. 2004-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் நாடாளுமன்றச் சிறப்புரிமைச் சட்டப்படி உச்ச அபராதம் ஒரு மாத ஊதியம், உச்ச இடைநீக்கம் 30 நாள், அதுவும் குழு விசாரித்த பிறகு. 2023 பிப்ரவரியில் அதிபர் உரையின்போது மேடையேறிய ஆறு உறுப்பினர்கள் 2024 பிப்ரவரி முழுவதும் இடைநீக்கம் பெற்றார்கள். தாமதம்தான். ஆனால் பாரிஸ் போல அரை நாளில் தலையை வெட்டுவதைவிட, கேட்டுத் தண்டிப்பது மேல்.

எனவே டெல்லியின் வாசகம், நம் விசாரணை முறை, இரண்டும் சேர்ந்ததே நமக்கு ஒத்து வரும். ஒரு சொல்லில் மட்டும் கவனம் வேண்டும்: ‘அயல்நாட்டுக் கொடி’ என்று எழுதினால் 1928 முதல் 1994 வரை பறந்த, நிறவெறி ஆட்சியை நினைவூட்டும் நம் பழைய கொடி தப்பிவிடும், அது அயல்நாட்டுடையது அல்லவே. அதைக் காரணமின்றிக் காட்டுவது வெறுப்புப் பேச்சு என்று 2019-இல் சமத்துவ நீதிமன்றம் சொல்லி, 2023-இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அதனால் ‘உறுப்பினர் எந்தக் கொடியையும் காட்டலாகாது’ என்றே எழுத வேண்டும், நம் தேசியக் கொடியும் உட்பட. 1998-இல் கனடாவில் சொந்த நாட்டுக் கொடியை மேசையில் வைத்ததே சண்டையாகிச் சபாநாயகர் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. உடையின் நிறத்தை விதியில் தொடவே கூடாது. அயல்நாட்டுத் தலைவர் உரையாற்றும் சிறப்பு அமர்வுக்கு மட்டும் விலக்கு, கொடியை நாட்டுவது அவை ஊழியர்.

அந்த நாளில்தான் துணி வேலை தொடங்கும். நம் கொடி பார்ப்பவரின் இடப்பக்கம், விருந்தினர் கொடி வலப்பக்கம், ஒரே உயரம், ஒரே அளவு. முதலில் ஏறி கடைசியில் இறங்குவது நம் கொடி. இந்தியா, மொரீஷியஸ் கொடிகள் நம்முடையது போலவே 2:3, ஆகவே 90-க்கு 135 சென்டிமீட்டரில் சரியாகப் பொருந்தும். இலங்கை, பிரிட்டன் கொடிகள் 1:2, அதே உயரத்தில் 180 சென்டிமீட்டர் நீளும், பக்கத்தில் நம்முடையது குட்டையாகத் தெரியும். தைக்கக் கொடுக்கும்போதே அளவைச் சொல்லிவிட வேண்டும். நம்முடையதில் 90 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சிவப்பு 30, வெள்ளை 6, பச்சை 18, வெள்ளை 6, நீலம் 30.

அதிகம் பிழைபடுவது சுவரில் செங்குத்தாகத் தொங்கவிடும்போதுதான். கறுப்பு முக்கோணம் மேலே, சிவப்பு பார்ப்பவரின் இடப்பக்கம் வர வேண்டும். கொடியைச் சும்மா திருப்பி மாட்டினால் சிவப்பு வலப்பக்கம் போய்விடும். துணியைப் புரட்டி மறுபுறம் தெரியும்படி மாட்டினால்தான் சரியாக வரும். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட மலிவுக் கொடியில் அந்த மறுபுறம் வெளுத்துக் கிடக்கும். இருபுறமும் நிறம் ஊறிய துணியாக, அல்லது பட்டை பட்டையாக வெட்டித் தைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். மூவர்ணக் கொடியைத் தொங்கவிட்டாலும் காவி பார்ப்பவரின் இடப்பக்கமே, ஆனால் அதைப் புரட்ட வேண்டியதில்லை, காவி அந்தப் பக்கம் வரும்படி திருப்பி மாட்டினாலே போதும்.