ரிவால்வர் தோட்டாவுக்கு எந்தக் குண்டு: முலாமா, ஜாக்கெட்டா, ஈயமா?

தாங்களே தோட்டா தயாரிப்பவர்களில், முலாம் பூசிய குண்டை ஜாக்கெட் குண்டின் மலிவுப் பதிப்பு என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. பார்வைக்கு இரண்டும் ஒரே செம்பு நிறம்தான். ஜாக்கெட் குண்டில் செம்பும் துத்தநாகமும் கலந்த தடித்த உறைக்குள் ஈயம் இருக்கிறது. முலாம் குண்டிலோ மென்மையான ஈயத்தின் மேல் மின்முலாமாகப் படிந்த செம்பு. கனம் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். நடத்தையில் அது ஈயத்துக்கே நெருங்கிய சொந்தம்.

ரிவால்வரில் இந்த வித்தியாசம் முதலில் தெரிவது கிரிம்ப்பில், அதாவது குண்டைப் பிடித்து நிறுத்தக் கேஸின் (தோட்டாவின் உலோகக் கூடு) வாயை நெருக்குவதில். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்க, சிலிண்டரில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் மெல்ல முன்னே நகரும். அளவுக்கு மீறி நீண்டால் சிலிண்டர் சுழலாமல் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் கேஸின் வாயை உள்ளே மடக்கி ரோல் கிரிம்ப் போடுகிறோம். ஜாக்கெட் குண்டிலும் வார்ப்பு ஈயத்திலும் அதற்கென்றே பள்ளம் இருக்கும். முலாம் குண்டுகள் பெரும்பாலானவற்றில் அது இல்லை.

நானும் .357 மேக்னம் தோட்டாவுக்கு முலாம் குண்டில் பலமாக ரோல் கிரிம்ப் போட்டேன். குறி சிதறியது. மீந்த ஒரு தோட்டாவைச் சுத்தியல் புல்லரில் தட்டிக் குண்டை வெளியே எடுத்தபோது, இடுப்பைச் சுற்றிக் கத்தியால் கீறியது போல ஒரு கோடு. நகத்தால் நெம்பினால் முலாம் உரிந்து வந்தது. அன்றிலிருந்து முலாமுக்கு மிதமான டேப்பர் கிரிம்ப் (வாயை உள்ளே மடக்காமல் சாய்வாக நெருக்குவது) மட்டுமே. கேஸ் வாயையும் சற்று அதிகமாக விரிக்கிறேன், இறக்கும்போது முலாம் சுரண்டாமல் இருக்க. குண்டைப் பிடித்து நிறுத்துவது முக்கியமாகக் கேஸின் இறுக்கம்தான். சிலிண்டரில் கடைசித் தோட்டாவை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றைச் சுட்டபின், அதைக் காலிப்பரில் அளந்து பாருங்கள். நீளம் கூடியிருந்தால் பிடிமானம் போதவில்லை.

வேகத்திலும் முலாமுக்கு எல்லை உண்டு. சாதாரண முலாமுக்கு நொடிக்குச் சுமார் 1,200 அடி. தடித்த முலாம் கூடுதலாகத் தாங்கும். குண்டு தயாரிப்பாளர் சொல்லும் எல்லையும் பவுடர் (வெடிமருந்து) அளவும்தான் கணக்கு. ஜாக்கெட்டுக்கான உச்ச அளவை முலாமுக்குப் போடவே கூடாது.

பவுடர் குறைவான மென்மையான லோடில் கதை தலைகீழ். உராய்வு அதிகமான ஜாக்கெட் குண்டு பேரலிலேயே நின்றுவிடலாம். கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் வெடிக்கக்கூடும். முலாம் அதைவிட எளிதாக வழுக்கிப் போகும், ஈயம் இன்னும் எளிதாக.

வார்ப்பு ஈயத்தின் தொல்லை, குண்டில் பூசிய மசகின் புகையும் பேரலில் படியும் ஈயமும். .38 ஸ்பெஷலுக்கு ஈயக் குண்டு பொதுவாக .358 அங்குலம், ஜாக்கெட் .357. சிலிண்டர் துளைக்குப் பொருந்தாத ஈயம் பேரலை நாசமாக்கும். முலாமில் அடிப்பகுதியும் மூடியிருப்பதால் ஈயப் புகை குறைவு. உள்ளரங்கில் சுடுபவருக்கு இது பெரிய நன்மை.

என் மேசையில் .38 ஸ்பெஷல் பயிற்சிக்கு முலாம் குண்டு. முழு வேக .357, .44 மேக்னத்துக்குப் பள்ளமுள்ள ஜாக்கெட் குண்டு, அதில் ரோல் கிரிம்ப்.