ப்ளூபெர்ரியா, அன்னாசியா: உப்புத்தண்ணி வீட்டு மாடிக்கு எது?

கோவையில் எங்கள் வீட்டில் இரண்டு குழாய்கள். ஒன்றில் சிறுவாணிக் குடிநீர், இன்னொன்றில் போர் தண்ணீர், அதாவது உப்புத்தண்ணி. புளிப்பு மண் (அமில மண்) கேட்கும் பழச்செடி வாங்கும் முன் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது குழாயைத்தான். தொட்டி மண்ணை நம் இஷ்டத்துக்குக் கலந்துகொள்ளலாம். ஆனால் அதில் நாள்தோறும் என்ன ஊற்றுகிறோம் என்பதுதான் செடியின் தலையெழுத்து.

மண்ணின் புளிப்பைச் சொல்லும் அளவு பி.எச்.; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ப்ளூபெர்ரிக்கு அது 4.5 முதல் 5.5 வரை வேண்டும். அன்னாசிக்கும் ஏறத்தாழ அதே அளவுதான் பிடிக்கும். காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மாடியில் கதை வேறு.

நான் வாங்கிய ப்ளூபெர்ரி 'பிலாக்சி' ரகம். குளிர் அதிகம் கேட்காத ரகம் என்று பெயர் வாங்கியது. பெரு நாட்டின் கடலோரத்தில்கூடப் பயிராகிறது. தேங்காய் நார்க்கழிவும் கொஞ்சம் கந்தகத் தூளும் கலந்து வைத்தேன். இரண்டு மாதம் நன்றாகத் துளிர்த்தது. அப்புறம் புது இலைகள் எலுமிச்சை நிறத்துக்கு வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றது. தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைப் படலம். போர் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் என்ற கார உப்பு மண்ணின் புளிப்பைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. புளிப்பு போனதால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை. ப்ளூபெர்ரி வேரில் நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய தூவிகளும் கிடையாது. மெல்லிய நூல் மாதிரி மேல்மண்ணிலேயே படர்வது.

கந்தகம் வேலை செய்யாதா என்றால், செய்யும். ஆனால் மண்ணில் இருக்கும் பாக்டீரியா அதை அமிலமாக மாற்ற மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் நாம் எத்தனை வாளி உப்புத்தண்ணி ஊற்றிவிடுகிறோம்! வினிகர் கலந்து ஊற்றுவதன் பலன் சில நாளுக்குத்தான். காபிச் சக்கை போட்டால் மண் புளிக்கும் என்பதையும் நம்ப வேண்டாம். புளிப்பில் பெரும்பங்கு டிகாக்‌ஷனோடு நம் டம்ளருக்கு வந்துவிடுகிறது.

சரி, சிறுவாணியை ஊற்றினால்? ஊற்றிப் பார்த்தேன். "குடிக்கிற தண்ணியச் செடிக்கு ஊத்துறியா கண்ணு?" என்றார் அம்மா. பதில் சொல்ல முடியவில்லை. மழைநீரைத் தொட்டி கட்டிச் சேமிப்பவர்கள் தாராளமாக முயலலாம். ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் வீடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ப்ளூபெர்ரிதான். தேயிலை விளையும் மண்ணே புளிப்பு, குளிரும் இலவசம்.

ஸ்ட்ராபெர்ரியையும் சிலர் கேட்பார்கள். 5.5 முதல் 6.5 போதும் என்பதால் சற்றுச் சுலபம். ஐப்பசியில் நட்டு மாசிக்குள் பறித்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் மிஞ்சாது.

அன்னாசி ஜெயிப்பது வேறு வழியில். அதன் இலைகள் புனல் மாதிரி அடுக்கியவை. அடிக்குருத்தில் தேங்கும் நீரிலிருந்தும் சத்தை எடுத்துக்கொள்ளும். மண் ஒத்துழைக்காவிட்டால் இலை வழியாகக் கொடுக்கலாம். ஹவாயில் இரும்பு கிடைக்காமல் மஞ்சளித்த அன்னாசித் தோட்டங்களைக் காப்பாற்றியதும் இப்படி இலையில் தெளித்த இரும்பு உப்புதான். நம் உரக்கடையில் அதற்குப் பெயர் அன்னபேதி. லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளித்தால் போதும். ப்ளூபெர்ரிக்கும் தெளித்தேன். இருந்த இலை பச்சையானது, அடுத்த துளிர் மறுபடி வெளிறியே வந்தது.

செலவிலும் ஒப்பீடே இல்லை. பழம் வாங்கும்போது கொண்டையைத் திருகி எடுத்து, அடியிலைகளை உரித்து, நாலைந்து நாள் நிழலில் காயவைத்து ஊன்றினால் செடி. தண்ணீர் தேங்கக் கூடாது, அவ்வளவுதான்.

அன்னாசியின் குறை, காத்திருப்பு. கொண்டையிலிருந்து பழம் வர ஒன்றரை முதல் இரண்டு வருடம், சில சமயம் அதற்கு மேலும். பக்கக் கன்று கிடைத்தால் சீக்கிரம். நன்கு வளர்ந்தும் பூக்காமல் அடம்பிடித்தால், கனிந்த ஆப்பிள் துண்டுகளைச் செடியருகே வைத்து பாலித்தீன் பையால் சில நாள் மூடலாம்; பழம் விடும் எத்திலீன் பூக்கத் தூண்டும்.

கொல்லிமலைச் சந்தையில் வாங்கிய பழத்தின் கொண்டை இப்போது அந்த ப்ளூபெர்ரித் தொட்டியில் இருக்கிறது. துணிக்கொடிக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள். முள் ரகமாக இருந்தால் வேட்டி கிழியும்.