காட்பாடி வார இறுதி வகுப்பு: அணு ஆயுதக் கொள்கையை இப்படித்தான் சொல்லித்தர வேண்டும்

அரசுப் பணி மெயின்ஸ் தேர்வுக்குப் படிப்பவர்களும், தேர்வே எழுதாமல் பாதுகாப்பு விஷயங்களில் ஆர்வம் மட்டும் உள்ளவர்களும் காட்பாடியில் நடக்கும் இந்த வார இறுதி வகுப்புக்குத் தாராளமாகப் போகலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே குறைகளும் நிறைய எழுதப் போகிறேன், அதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. மையத்தின் பெயரை எழுதவில்லை. வருத்தம் மையத்தின் மேல்தான், பாடம் எடுக்கும் சார் மேல் துளியும் இல்லை.

பெரும்பாலான பயிற்சி மையங்களில் அணு ஆயுதம் என்றால் 1974 பொக்ரான், 1998 பொக்ரான், 'முதலில் பயன்படுத்த மாட்டோம்' என்ற நம் கொள்கை, நாம் கையெழுத்துப் போடாத ஒப்பந்தங்களின் பட்டியல், அவ்வளவுதான். இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். இந்த சார் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், அரக்கோணம் விமானத் தளத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். அவர் தொடங்கும் இடமே வேறு. "குண்டு செஞ்சாச்சு, சரி. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சும் அது வேலை செய்யும்னு யாருப்பா கையெழுத்துப் போடுறது?" என்று கேட்டுவிட்டு, யாராவது வாயைத் திறக்கும் வரை காத்திருப்பார். பிரிட்டன் கடைசியாக அணு குண்டைச் சோதித்தது 1991ல், அமெரிக்கா 1992ல், நாம் 1998ல். அதற்குப் பிறகு குண்டின் ஆரோக்கியத்தை ஆய்வகத்தையும் கணினிக் கணக்கையும் வைத்துத்தான் சொல்ல முடிகிறது. குண்டுக்கு வயதாகிறது, ஏவுகணைக்கு வயதாகிறது, அதைச் சுமக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்கும் வயதாகிறது, இதில் எதை எப்போது மாற்றுவது, யார் பணத்தில் மாற்றுவது என்பதுதான் இந்தப் பாடத்தின் முழு விஷயமும்.

எடுத்துக்கொள்ளும் உதாரணம் பிரிட்டன். நல்ல தேர்வு. அங்கே எல்லாமே நாடாளுமன்றத்தில் பேசி, வெள்ளை அறிக்கை போட்டு, வாக்கெடுத்து நடந்திருப்பதால் படிப்பவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கிறது. அணு ஏவுகணை சுமக்கும் வான்கார்ட் வகையில் நான்கு நீர்மூழ்கிகள், அதில் ஒன்றாவது எப்போதும் கடலுக்கடியில் ஒளிந்திருக்க வேண்டும், இதற்கு முன் இருந்த கப்பல்களையும் சேர்த்து 1969ல் இருந்து இது விட்டுப்போனதே இல்லை என்கிறது அவர்கள் கடற்படை. ஒன்று வெளியே இருக்க ஏன் நான்கு வேண்டும்? சார் பலகையில் நான்கு கோடு போட்டு, டெப்போவில் ஸ்பேர் பஸ் இல்லாமல் ஒரு ரூட்டையும் தினமும் ஓட்ட முடியாது என்று சொல்லி விளக்கினார். ஒன்று ரோந்தில், ஒன்று திரும்பி வந்து சில்லறை வேலைகளில், ஒன்று அடுத்து கிளம்பப் பயிற்சியில், ஒன்று வருடக்கணக்கில் பெரிய பராமரிப்பில். நான்கில் ஒன்று படுத்துவிட்டால் மீதி மூன்றின் தலையில் விழும்.

அப்படி விழுந்ததுதான் இந்த வகுப்பின் சிறந்த பகுதி. 2006 டிசம்பரில் பிரதமர் பிளேரின் அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது, புதிய நீர்மூழ்கியை வடிவமைத்துக் கடலில் இறக்கப் பதினேழு வருடம் போல ஆகும், அதனால் இப்போதே முடிவெடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 2007 மார்ச்சில் 409க்கு 161 என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. பிறகு 2010ல் கூட்டணி அரசு வந்து இறுதி முடிவை 2016க்குத் தள்ளியது, இருக்கும் கப்பல்களை இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிக்கொள்ளலாம் என்றது. அவை 25 வருட ஆயுளுக்குக் கட்டப்பட்டவை, முதல் கப்பல் சேவைக்கு வந்தது 1993ல். இதற்கிடையில் 2012ல் ஸ்காட்லாந்தின் வடகோடியில் டவுன்ரே என்ற இடத்தில், கரையில் வைத்துச் சோதிக்கும் முன்மாதிரி அணு உலையின் குளிர்விக்கும் நீரில் லேசான கதிரியக்கம் தெரிந்தது. ஆபத்தான அளவு இல்லை. ஆனால் அதே வகை உலைதான் கப்பலுக்குள்ளும் இருக்கிறது, அதனால் அந்த வகையின் முதல் கப்பலான வான்கார்டுக்குப் புது எரிபொருள் நிரப்ப வேண்டும் என்று 2014ல் முடிவானது. 2015 கடைசியில் டெவன்போர்ட் கப்பல் பராமரிப்புத் தளத்துக்குள் போன கப்பல் வெளியே வந்தது 2023ல். சுமார் மூன்றரை வருடம் என்று போட்ட கணக்கு ஏழு வருடத்தைத் தாண்டியது.

இந்த இடத்தில் சார் குரல் மாறும். மீதிக் கப்பல்கள் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியதாயிற்று, மூன்று மாதம் போல இருந்த ரோந்து ஆறு மாதத்தையும் தாண்டியது. உள்ளே சுமார் 130 பேர், வெயில் கிடையாது, வீட்டில் இருந்து வாரத்துக்கு ஒருமுறை சில வரிகளில் செய்தி வரும், பதில் அனுப்ப முடியாது, ஏனென்றால் ஒரு சிக்னல் வெளியே போனாலும் கப்பல் இருக்கும் இடம் தெரிந்துவிடும். வகுப்பில் கம்மவான்பேட்டையில் இருந்து வருகிற பையன்கள் இருந்தார்கள், வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது, அவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு அரசு தள்ளிப்போட்ட முடிவுக்கு இன்னொரு அரசின் காலத்தில் யாரோ ஒரு மாலுமி கூடுதலாக மூன்று மாதம் இருட்டில் கிடக்கிறான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் இப்படிச் சேர்த்துப் படித்ததில்லை, ஆளுக்கொரு அத்தியாயத்தில் தனித்தனியாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

2016 ஜூலை 18 வாக்கெடுப்புக்காக ஒரு முழு வகுப்பு. எங்களை இரண்டு பக்கமாகப் பிரித்துப் பேசவிட்டார். 472க்கு 117 என்று புதிய ட்ரெட்நாட் வகைக் கப்பல்கள் நான்குக்கும் ஒப்புதல் கிடைத்தது, மதிப்பீடு 3,100 கோடி பவுண்டு, அதற்கு மேல் அவசரத்துக்கு என்று 1,000 கோடி. ஆனால் கப்பல்கள் நிற்கும் ஃபாஸ்லேன் ஸ்காட்லாந்தில் இருக்கிறது, ஸ்காட்லாந்தின் 59 உறுப்பினர்களில் 58 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள், தொழிற்கட்சித் தலைவர் கோர்பினும் எதிர்த்தார், அவர் கட்சியின் பெரும்பகுதி ஆதரித்தது. எதிர்த்துப் பேச வந்த குடியாத்தம் பெண் ஒருவர் அந்தப் பணத்தில் எத்தனை ஆஸ்பத்திரி கட்டலாம் என்று ஆரம்பித்து, அதே மூச்சில் அந்த வருடம் ஜூன் மாதம் நடந்த, இந்தக் கப்பல்கள் சுமக்கும் டிரைடென்ட் ஏவுகணையின் சோதனை தோற்றதையும், அது வாக்கெடுப்புக்கு முன் நாடாளுமன்றத்துக்குச் சொல்லப்படாமல் போனதையும் எடுத்துப்போட்டார். சார் அவரை மறிக்கவே இல்லை. "நல்லாக் கேட்டம்மா, 2024லயும் ஒரு சோதனை ஃபெயில் ஆச்சு, அதையும் சேர்த்துக்க" என்றார். ராணுவத்தில் இருந்தவர் ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசுவார் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வகுப்பையாவது வந்து பார்க்க வேண்டும். ஆனால் ஹிரோஷிமா பற்றியும், 2017ல் ஐ.நா.வில் வந்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் பற்றியும் அவராக எதுவும் எடுக்கவில்லை, மாணவர்கள் கேட்ட பிறகுதான் வந்தது. அது எனக்குக் குறையாகத்தான் பட்டது, இந்த ஆயுதம் விழுந்த இடத்தில் என்ன ஆனது என்று சொல்லாமல் அதன் பராமரிப்பை மட்டும் பேசக் கூடாது.

பிரிட்டனின் ஏவுகணைகள் அமெரிக்காவோடு பொதுவாக வைத்துள்ள இருப்பில் இருந்து வருவது, புதிய கப்பலின் ஏவுகணைப் பகுதியே அமெரிக்காவின் கொலம்பியா வகைக் கப்பலோடு சேர்ந்து வடிவமைக்கப்பட்டது, குண்டு மட்டும் இங்கிலாந்தின் ஆல்டர்மாஸ்டன் ஆய்வகத்தில் சொந்தமாகச் செய்வது, இதெல்லாம் வேகமாகப் போய்விட்டது.

அப்புறம் அரக்கோணம். இதற்காகவே காசு கொடுக்கலாம். நீர்மூழ்கி ஒளிந்திருந்தால்தான் தடுப்பு வலிமை, அதாவது எதிரி நம்மைத் தாக்கப் பயப்படுவான், அப்படியானால் எதிரியின் நீர்மூழ்கி அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளாமல் வானத்தில் இருந்து யாராவது காவல் பார்க்க வேண்டும். பிரிட்டன் 2010ல் செலவைக் குறைக்கிறேன் என்று நீர்மூழ்கிகளைத் தேடும் நிம்ராட் விமானத் திட்டத்தையே ரத்து செய்தது. பல வருடம் நேச நாடுகளின் விமானங்களைக் கூப்பிட்டுச் சமாளித்துவிட்டு, 2020ல்தான் பி-8 போஸைடன் விமானங்கள் வரத் தொடங்கின, மொத்தம் ஒன்பது வாங்கினார்கள். அதே குடும்பத்து விமானம், நம் கடற்படையின் பி-8 'ஐ' ரகம் (P-8I), 2013லேயே அரக்கோணத்தில் இறங்கிவிட்டது. அங்கே உள்ள கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளி 1992ல் தொடங்கியது, நம் பழைய வட ஆற்காட்டுக்குள், இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். காட்பாடிக்கு ரயிலில் வரும் அரக்கோணம் பசங்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம், ஆனால் அது எதற்குப் பறக்கிறது என்று இந்த வகுப்பில்தான் தெரிந்தது என்று அவர்களே சொன்னார்கள். அதற்கு முன் அங்கே இருந்த ரஷ்ய டி.யு-142 விமானங்களுக்கு உதிரிப் பாகம் வருவதற்குள் பட்ட பாட்டை சார் சொல்லும்போது, பராமரிப்பு என்ற விஷயம் மேல் இருந்து கீழ் வரை ஒன்றுதான் என்பது பிடிபட்டது.

இனி குறைகள். இந்தியப் பகுதியை அவசரமாக முடித்தது பெரிய ஏமாற்றம். 2003 ஜனவரியில் அரசு அறிவித்த கொள்கை, பிரதமர் தலைமையில் உள்ள ஆணையம்தான் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த உத்தரவிட முடியும் என்பது, 2018ல் நம் அணு ஏவுகணை நீர்மூழ்கி அரிஹந்தின் முதல் ரோந்து, 2024 ஆகஸ்டில் சேர்ந்த இரண்டாவது நீர்மூழ்கி அரிகாட், எல்லாம் ஒரே உட்காரலில். அரிஹந்தின் உலைக்கு முன்மாதிரி கல்பாக்கத்தில் கட்டப்பட்டது, கடலுக்கடியில் உள்ள கப்பலுக்குச் செய்தி அனுப்பும் நிலையம் திருநெல்வேலி விஜயநாராயணத்தில் இருக்கிறது, டவுன்ரே கதையைக் கேட்டவர்களுக்கு இதில் எவ்வளவு கேட்க இருக்கிறது! 750 கிலோமீட்டர் போகும் கே-15 ஏவுகணையை வைத்துக்கொண்டு வங்காள விரிகுடாவில் எந்த இடத்தில் நிற்பது, 3,500 கிலோமீட்டர் கே-4 வந்தால் அது எப்படி மாறும் என்று ஒருவர் கேட்டார், சார் வரைபடத்தை விரித்தார், அதற்குள் அடுத்த பேட்ச் கதவைத் தட்டிவிட்டது. இது சார் குறை இல்லை, நேரம் பிரித்த மையத்தின் குறை.

நோட்ஸ் மோசம். தனியாகக் காசு வாங்கிக்கொண்டு தரும் புத்தகத்தில் 3,100 கோடி பவுண்டு என்பதை 310 கோடி என்று அச்சடித்திருக்கிறார்கள். பிரிட்டன் தன் குண்டுகளின் எண்ணிக்கையை 180க்குக் குறைக்கப் போகிறது என்று இன்னமும் இருக்கிறது, 2021லேயே அந்த உச்சவரம்பை 260க்கு உயர்த்திவிட்டார்கள். அரிகாட் பெயரே இல்லை. தேர்வில் இதை அப்படியே எழுதினால் மதிப்பெண் போகும், சொல்லியும் திருத்தவில்லை, அதுதான் கோபம். ஹாலில் பின்வரிசைக்கு மைக் சரியாகக் கேட்காது, வேலூர் வெயிலுக்கு அந்த மேல்மாடியில் இருக்கும் மின்விசிறிகள் எந்த மூலைக்கும் போதாது. கட்டணம் முழுவதையும் முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள், ஒரு வகுப்பு ரத்தானால் அதற்கு ஈடு தருவதில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டில் இருந்து வருபவர்கள் பாலத்தில் நெரிசலுக்கும் நேரம் சேர்த்துக் கிளம்புங்கள், சார் சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்துவிடுவார். முதல் இரண்டு வரிசையில் உட்காருங்கள், நோட்ஸ் வாங்காமல் அவர் பலகையில் எழுதுவதை உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்தியப் பகுதிக்குத் தனியாக ஒரு வகுப்பு வேண்டும் என்று அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். எங்கள் பேட்ச்சில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம், கேட்பவர்கள் கூடினால் சார் எடுக்கத் தயாராக இருக்கிறார்.