அக்டோபர் இரவுகளுக்கு மூன்று இலவசப் பேய்க்கதைக் கிடங்குகள்: எது எதற்கு உதவும்?

ஒரு படைப்பை இரண்டு அமர்வாகப் படித்தால் நடுவில் உலக விவகாரங்கள் புகுந்து அதன் முழுமையைக் கெடுத்துவிடும் என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1846இல் எழுதினார். பேய்க்கதைக்கு இது இன்னும் பொருந்தும். அதனால் ஹாலோவீன் (அக்டோபர் 31 இரவு) வரைக்கும் அக்டோபர் முழுக்கத் திகில் படிக்க நினைப்பவர் ஒரு தளத்திடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். இரவு விளக்கைத் தணித்துவிட்டு உட்கார்ந்தால், ஒரு கதையை இடைஞ்சல் இல்லாமல் முடிக்க விடுமா? ப்ராஜெக்ட் குட்டன்பர்க், ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ், லிப்ரிவாக்ஸ் மூன்றையும் இந்த அளவுகோலில் பார்க்கலாம். மூன்றிலும் பணம் கட்ட வேண்டியதில்லை. படிக்கவோ கேட்கவோ கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

குட்டன்பர்க் 1971இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கியது. இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே இருக்கின்றன. பழைய ஆங்கிலப் பேய்க்கதைகளில் பெயர் தெரிந்தவை பெரும்பாலும் கிடைக்கும். பெயர் தெரியாதவற்றைத் தேடுவதில்தான் இதன் உண்மையான சுவை. திகில், காதிக் புனைவு என்று தனி அலமாரிகள் உண்டு. ஆனால் பட்டியலைத் தரவிறக்க எண்ணிக்கைப்படி அடுக்கிப் பார்த்தால் எல்லாருக்கும் தெரிந்த பத்துப் புத்தகமே மேலே நிற்கும். வெளியான தேதிப்படி அடுக்கினால் புதிதாக ஏறியவை தெரியும். 1923இல் தொடங்கிய வியர்ட் டேல்ஸ் போன்ற மலிவுப் பத்திரிகைகளின் கதைகள் இப்படித்தான் கண்ணில் படும். அமெரிக்காவில் 1963 வரை வெளியானவற்றுக்கு 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பித்தாக வேண்டியிருந்தது. பல பத்திரிகைக் கதைகளை யாரும் புதுப்பிக்கவில்லை, அதனால் அவை பொதுவுக்கு வந்துவிட்டன.

இந்தக் கணக்கு அமெரிக்காவுக்கு மட்டும் என்பதை மறக்கக் கூடாது. அங்கே பொது விதி, வெளியாகி 95 ஆண்டு. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு, இந்தியாவில் 60. 1936இல் இறந்த பேய்க்கதை எழுத்தாளர் எம். ஆர். ஜேம்ஸ், இறந்த ஆண்டை வைக்கும் இந்தக் கணக்குகளில் எல்லாம் தாண்டிவிட்டார். 1951இல் இறந்த இன்னொரு பேய்க்கதைக்காரர் ஆல்ஜர்னான் பிளாக்வுட்டுக்கு பிரிட்டனில் 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குட்டன்பர்க் கோப்பில் இரண்டு தொல்லைகள். முதலாவது, எளிய உரைக் கோப்பு. அதில் வரிகள் எழுபது எழுத்துச் சொச்சத்தில் வெட்டப்பட்டிருக்கும். கைபேசித் திரையில் நீள வரி, அரை வரி, நீள வரி என்று தத்தளிக்கும். சாய்வெழுத்து வர வேண்டிய இடத்தில் அடிக்கோடுகள் நிற்கும். மின்நூலுக்கான ஈபப் கோப்பை எடுங்கள், இரண்டும் தீரும். இரண்டாவது தொல்லை ஈபப்பிலும் உண்டு. ஒவ்வொரு நூலின் கடைசியிலும் உரிம வாசகம் கிட்டத்தட்ட 3,000 சொல்லுக்கு நீள்கிறது. நாவலில் இது தெரியாது. 4,000 சொல் கதையைத் தனிக் கோப்பாக எடுத்தால், மின்வாசிப்புக் கருவி 57 விழுக்காடு என்று காட்டும்போதே கதை முடிந்துவிடும். இதைக் குறை என்று சொல்ல மனம் வரவில்லை. முடிவு எப்போது வரும் என்று தெரியாமல் படிப்பது பேய்க்கதைக்கு நல்லதுதான். ஆனால் இன்னும் பாதி இருக்கிறது என்று நம்பி அடுத்த இரவுக்கு ஒத்திவைத்தால் கதை கெட்டது.

குட்டன்பர்க்கில் ஒரே நூல் மூன்று நான்கு பட்டியல் எண்களில் இருப்பதும் சகஜம், பதிப்பும் மாறலாம். மேரி ஷெல்லியின் ஃப்ராங்கன்ஸ்டைனை எடுத்துக்கொள்ளுங்கள். 1818 பதிப்பு மூன்று தொகுதி, ஒவ்வொன்றிலும் அத்தியாய எண் முதலிலிருந்து தொடங்கும். ஆசிரியர் திருத்திய 1831 பதிப்பில் 24 அத்தியாயங்கள் தொடர்ச்சியாக வரும். 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் பேய்க்கதைப் போட்டியாக இது பிறந்த விதத்தை அவரே சொல்லும் முன்னுரையும் இருக்கும். அக்டோபர் வாசிப்புக்கு அந்த முன்னுரைக்காகவே 1831ஐ எடுக்கலாம். தலைப்பில் போட்டிருக்கும் ஆண்டை நம்பாமல் பொருளடக்கத்தைத் திறந்து பார்ப்பது மேல்.

ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ் பெரும்பாலும் குட்டன்பர்க் போன்ற இடங்களின் உரையையே எடுத்து, மூலப் பக்கங்களோடு ஒப்பிட்டுச் சீர்செய்து தருகிறது. அங்கே இருப்பது ஆயிரத்துச் சொச்சம் நூல்தான். இருக்கும் நூலாக இருந்தால், திரையில் படிக்க இதைவிட நல்ல இலவசப் பதிப்பு கிடையாது. மேற்கோள் குறிகள் ஒழுங்கு, அடிக்குறிப்பைத் தொட்டால் அங்கேயே விரியும், உரிம வாசகம் சுருக்கம். பழைய எழுத்துக்கூட்டலைச் சற்றுப் புதுப்பிப்பது இவர்கள் வழக்கம்: நடுவில் கோடு போட்டுப் பிரித்து எழுதிய பழைய சொற்களை இன்றைய வழக்கப்படி சேர்த்துவிடுவார்கள். அச்சில் வந்தபடியே வேண்டும் என்பவர் குட்டன்பர்க்கோடு நின்றுகொள்ளலாம்.

சிறுகதைகளில்தான் இந்தத் தளம் சற்றுச் சறுக்குகிறது. ஓர் ஆசிரியரின் கதைகளையெல்லாம் கால வரிசையில் ஒரே நூலாகக் கட்டிவிடுவார்கள். போவின் தொகுப்பு அப்படித்தான். அவருடைய கதைகளில் நையாண்டியும் நிறைய. முதல் பக்கத்திலிருந்து பயத்தை எதிர்பார்த்துப் போகிறவர் சீக்கிரம் சலித்துப்போவார். பொருளடக்கத்திலிருந்து வேண்டிய கதைக்குத் தாவுங்கள். கருவியில் விழுக்காட்டை அணைத்துவிட்டு, ‘அத்தியாயத்தில் மீதிப் பக்கம்’ என்ற அமைப்பைப் போட்டுக்கொண்டால் படிக்கும் கதையின் நீளம் மட்டும் தெரியும்.

கோப்பைக் கருவியில் ஏற்றும்போதும் கவனம் வேண்டும். இங்கே கிண்டிலுக்கென்று தரும் கோப்பை யூஎஸ்பி கம்பி வழியாகத்தான் ஏற்ற முடியும். அமேசானின் அனுப்பும் சேவை அதை ஏற்காது, ஈபப்பை ஏற்கும். கோபோ கருவிக்குத் தனி வடிவம் உண்டு. அதன் கோப்புப் பெயரின் கடைசியில் ‘கெபப்’, ‘ஈபப்’ என்ற இரண்டு ஒட்டும் இருக்க வேண்டும். பெயரை மாற்றும்போது முதல் ஒட்டு போய்விட்டால் கருவி அதைச் சாதாரண ஈபப்பாகவே திறக்கும்.

லிப்ரிவாக்ஸ் 2005இல் ஹியூ மெக்வயர் தொடங்கியது. பதிப்புரிமை தீர்ந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவுசெய்கிறார்கள். பேய்க்கதை வாயால் சொல்லக் கேட்க வேண்டியது என்பதால் மூன்றில் இதற்கே அதிகம் கிடைக்க வேண்டும். கிடைப்பதும் உண்டு, கெடுவதும் உண்டு. எல்லாம் குரலைப் பொறுத்தது. நூலின் பக்கத்தில் வாசிப்பவர் ஒருவரா பலரா என்று முதலில் பாருங்கள். பலர் வாசித்த நாவலில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் குரல், உச்சரிப்பு, ஒலியளவு எல்லாம் மாறும். பயம் வந்த நேரத்தில் வேறொருவர் வந்து உட்கார்வார். ஒருவரே வாசித்தது என்றால் முதல் அத்தியாயத்தைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டாம், எல்லாரும் அதைப் பார்த்துப் பார்த்து வாசிப்பார்கள். நடு அத்தியாயம் ஒன்றில் இரண்டு நிமிடம் கேட்டால் தெரிந்துவிடும். பிரபலமான நூல்களுக்கு இரண்டாம், மூன்றாம் பதிவும் உண்டு, அவற்றையும் தேடுங்கள்.

பேய், திகில் சிறுகதைகளுக்கென்று எண்ணிட்ட தொகுப்பு வரிசை ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு கதையும் ஒவ்வொருவர் குரலில். நாவலில் குறையாக இருந்த அதே பலகுரல் இங்கே சிக்கல் இல்லை, ஒரு குரல் பிடிக்காவிட்டால் ஒரு கதைதான் நட்டம். புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் இங்கிருந்து தொடங்கலாம்.

ஒவ்வொரு கோப்பும் ‘இது லிப்ரிவாக்ஸ் பதிவு’ என்ற அறிவிப்போடுதான் தொடங்கும். முதல் அரை நிமிடத்தைத் தாண்டிவிட்டு விளக்கை அணையுங்கள். நாவலென்றால் அத்தியாயந்தோறும் இந்த அறிவிப்பு வரும், அதற்கு மருந்தில்லை. 64 கிலோபிட் எம்பி3 ஒரு மணி நேரத்துக்கு 29 மெகாபைட் பிடிக்கும், 128 கிலோபிட் அதற்கு இரு மடங்கு. ஒற்றைக் குரலுக்கு 64 போதும். காதில் இறுக்கிப் பொருத்தும் கேட்பான் வைத்திருந்தால் 128. தளத்தின் பெயரைத் தாங்கிய கைபேசிச் செயலிகள் வெளியார் செய்தவை. சிலவற்றில் விளம்பரம் குறுக்கே வரும். கதவு திறக்கும் சத்தத்தோடு காப்பீட்டு விளம்பரம் வந்தால் அந்த இரவு முடிந்தது. ஒவ்வொரு நூலுக்கும் உள்ள பாட்காஸ்ட் ஓடையைச் சாதாரண பாட்காஸ்ட் செயலியில் சேர்த்துக்கொள்வதே நல்லது. தூக்க நேரமானியும் அதிலேயே இருக்கும்.

நீளத்தைக் கணக்கிட, வாசிப்புக் குரலுக்கு மணிக்கு 9,000 சொல் என்று வைத்துக்கொள்ளலாம். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் குரங்குப் பாதக் கதை (1902) அரை மணிக்குள். வாஷிங்டன் இர்விங்கின் தலையில்லாக் குதிரைவீரன் கதை (1820) ஒன்றேகால் மணியைத் தாண்டும். இதில் ஹாலோவீன் என்ற பேச்சே கிடையாது, ஆனாலும் அறுவடையும் உடைந்த பூசணியும் இலையுதிர்காலமும் இதற்கு இணையாக வேறெதிலும் இல்லை. ஹென்றி ஜேம்ஸின் பேய் நாவலைக் (1898) காதால் கேட்காதீர்கள். அந்த வாக்கியங்களைக் கண்தான் தாங்கும்.

இங்கிலாந்துப் பேய்க்கதைகளில் பெரும்பங்கு அக்டோபருக்கு எழுதியதல்ல, கிறிஸ்துமஸுக்கு எழுதியது. எம். ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் நண்பர்களுக்கு வாசித்துக்காட்டியதும் அந்தப் பண்டிகைக் காலத்தில்தான். ஹாலோவீன் மரபே கதைக்குள் வேண்டும் என்றால் அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் போக வேண்டும். ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய கவிதையில் அந்த இரவின் குறிபார்ப்புகள் வரிசையாக வரும்: கண்ணை மூடிக்கொண்டு கேல் கீரைத் தண்டைப் பிடுங்கி அதன் வளைவை வைத்து வரப்போகும் துணையைக் கணிப்பது, நெருப்பில் கொட்டைகளை இணையாகப் போட்டுப் பார்ப்பது. மொழி ஸ்காட்ஸ். பர்ன்ஸ் தாமே எழுதிய குறிப்புகளும் சொல்லகராதியும் உள்ள பதிப்பை குட்டன்பர்க்கில் தேடி எடுங்கள், இல்லாவிட்டால் பாதி புரியாது. ஜேம்ஸ் ஜாய்ஸின் டப்ளின் சிறுகதைத் தொகுப்பில் (1914) ‘களிமண்’ என்ற கதை ஹாலோவீன் மாலையில் நடப்பது. மோதிரம் வைத்துச் சுடும் பார்ம்பிராக் ரொட்டியும் கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டுகளைத் தொடும் விளையாட்டும் அதில் வருகின்றன. பேய் வராது, ஆனால் 31ஆம் தேதிக்கு அதைவிடப் பொருத்தமான இருபது நிமிடம் இல்லை.

மாதம் முழுக்க ஒரே நாவல் வேண்டும் என்பவருக்கு டிராகுலா (1897). நாட்குறிப்பும் கடிதமுமாக, தேதி போட்டு எழுதியது. 19ஆம் அத்தியாயம் அக்டோபர் 1, விடியற்காலை 5 மணிக் குறிப்போடு தொடங்குகிறது. முதல் 18 அத்தியாயங்களைச் செப்டம்பரில் முடித்துவிட்டால் மீதியை அந்தந்தத் தேதியிலேயே படிக்கலாம். முதல் சில நாள் குறிப்புகள் கனமானவை, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். அக்டோபர் 17க்கும் 24க்கும் இடையே குறிப்பே இல்லை, கதைமாந்தர்களே ஒரு வாரம் காத்துக்கிடக்கிறார்கள். சிறுகதைகளை அந்த இடைவெளியில் போட்டுக்கொள்ளலாம். கடைசித் தேதிக் குறிப்பு நவம்பர் 6, ஆகவே ஹாலோவீனோடு முடியாது.

விளக்கு பற்றி ஒரு வார்த்தை. ஹாலோவீனுக்குச் செதுக்கி உள்ளே விளக்கு வைக்கும் பூசணி சில நாளில் சுருங்கிப் பூஞ்சை பிடிக்கும். 28, 29ஆம் தேதிக்கு முன்னால் கத்தியை எடுக்க வேண்டாம். மேலே வெட்டாமல் அடியில் வெட்டித் திறந்தால் காம்பு பிழைக்கும், உச்சி உள்ளே அமுங்காது. உள்ளே எல்ஈடி விளக்கே போதும். அந்த வெளிச்சத்தில் அச்சுப் புத்தகம் படிக்க முடியாது, மின்வாசிப்பானில் வெளிச்சத்தை மிகக் குறைத்து மஞ்சள் பக்கம் தள்ளினால் சரியாக இருக்கும்.

எதைத் தேர்ந்தாலும் அக்டோபருக்கு முன்பே இறக்கி வைத்துவிடுங்கள். லிப்ரிவாக்ஸின் ஒலிக்கோப்புகள் இன்டர்நெட் ஆர்க்கைவின் சேமிப்பில் இருக்கின்றன. 2024 அக்டோபரில் அந்த ஆர்க்கைவ் இணையத் தாக்குதலுக்கு ஆளாகிப் பல நாள் முடங்கியது. ஒலிநூல் கேட்பவர்களுக்கு வருடத்தின் மிக மோசமான மாதம் அது. 31 இரவு, இரவுக்கு அரை மணி என்றால் 64 கிலோபிட்டில் மொத்தம் 450 மெகாபைட்டுக்குள் அடங்கும்.