வார்டு வாக்கு: சின்னத்துக்கா, நிலைப்பாட்டுக்கா?

தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க இரண்டு வழிகள்தான் உண்டு. சட்டமன்றத்துக்கு அழுத்தும் அதே சின்னத்தையே வார்டுக்கும் அழுத்தலாம். இல்லை, சின்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, வடிகால், குப்பை, ரோடு பற்றி நிற்பவர் என்ன சொல்கிறார் என்று பார்த்து அழுத்தலாம். இந்த அலசல் இரண்டாவது பக்கம் சாய்கிறது. முழுக்கச் சாயவில்லை, சின்னம் ஜெயிக்கும் இடங்களும் இருக்கின்றன.

சின்னத்தின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆளைத் தேட வேண்டாம், கொள்கை ஓரளவு தெரியும், தவறு செய்தால் திட்ட ஒரு தலைமை இருக்கிறது. "ஆளுங்கட்சி கவுன்சிலர் வந்தால்தான் நிதி வரும்" என்ற பேச்சு மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. மாநில நிதிக்குழு மானியம் பெரும்பாலும் மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கப்படுகிறது, கவுன்சிலரின் கரைவேட்டியை வைத்து அல்ல. ஆனால் அதிகாரி யார் போனை முதலில் எடுக்கிறார் என்பதில் வித்தியாசம் இருக்கலாம். அதை எண்ணில் காட்ட வழியில்லை, அதனால் மறுக்கவும் இல்லை.

தீர்மானிக்கும் விஷயம் வேறு. கவுன்சிலர் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை?

சொத்து வரியை எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரியில் தேர்தல், மார்ச்சில் பதவியேற்பு, ஏப்ரலில் வரி உயர்வு. 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு 25 சதவீதத்தில் தொடங்கி 1800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம் வரை. சென்னையின் பழைய பகுதிகளில் 50இல் தொடங்கி 150 வரை. விகிதத்தை முடிவு செய்தது மாநில அரசு. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியத்தின் நிபந்தனையைக் காரணமாகக் காட்டியது. மன்றங்களுக்கு வந்தது தீர்மானம் போடும் வேலை. ஆகவே "வரியைக் குறைப்பேன்" என்று வார்டில் ஒருவர் பேசினால், அவர் எந்தச் சின்னத்தில் நின்றாலும் அந்தப் பேச்சுக்கு மதிப்பெண் பூஜ்யம். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்தின் வேலை. டிரான்ஸ்பார்மர் மின்வாரியத்துக்கு, ரேஷன் கடை வேறு துறைக்கு. இவற்றை வாக்குறுதியாகத் தருபவருக்கு, தான் கேட்கும் பதவியே இன்னும் விளங்கவில்லை.

மீதி இருப்பது சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதும் நிற்காததும் அங்கேதான் முடிவாகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்பதில் அவர் கறாராக இருப்பாரா? சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் ரோடு உயர்ந்து வாசல் பள்ளமாகிறது. ஐப்பசி மழை நேராக வீட்டுக்குள் வருகிறது. வடிகாலைத் தூர்வாரும் வேலையைச் செப்டம்பருக்குள் முடிக்கச் சொல்வாரா? எடுத்த சேற்றை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது திரும்ப உள்ளேதான் போகும். அன்றைக்கே லாரியில் ஏற்றச் சொல்வாரா? மழைநீர் வடிகாலில் கள்ளத்தனமாகக் கழிவுநீர்க் குழாய் விட்டிருப்பவர் தன் ஓட்டு வங்கியாக இருந்தாலும் அடைப்பாரா? வார்டு மேம்பாட்டு நிதி என்று கையில் வரும் தொகையைப் பூங்கா வளைவில் பெயர் பொறிக்கச் செலவிடுவாரா, விட்டுப்போன இணைப்பு வடிகாலுக்கா? இவற்றில் எதற்கும் திமுக நிலைப்பாடு, அதிமுக நிலைப்பாடு என்று ஒன்று கிடையாது. ஆளுக்கு ஆள்தான் மாறுகிறது.

பெரிய மன்றத்தில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. 2022இல் சென்னையின் 200 வார்டுகளில் 153 திமுக மட்டுமே எடுத்தது. அப்படிப்பட்ட மன்றத்தில் ஒரு வார்டின் சின்னம் மாறினால் மேயர் மாறப்போவதில்லை. அஜெண்டாவில் உள்ள தீர்மானங்கள் கைதட்டலில் நிறைவேறிவிடும். உங்கள் கவுன்சிலர் எழுந்து நின்று கேள்வி கேட்கிறாரா, மண்டலக் குழுவில் எஸ்டிமேட்டைப் பிரித்துப் பார்க்கிறாரா என்பதே மிச்சம். குப்பை அள்ளுவதைத் தனியாருக்குக் கொடுப்பது போன்ற பெரிய விஷயத்தில் கட்சிக் கட்டுப்பாடுதான் பேசும். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தது அப்படி ஒரு முடிவை எதிர்த்துத்தான். அதையே முதன்மையாக நினைப்பவர் கட்சியைப் பார்த்து வாக்களிப்பதில் தப்பில்லை.

சின்னம் கனமாகும் இடம் சின்னப் பேரூராட்சி. 15 வார்டு என்றால் 8 பேர் தலைவரைத் தீர்மானிப்பார்கள். 2022இல் மேயரையும் சேர்மனையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே உங்கள் வார்டு ஏழா எட்டா என்பது பெரிய விஷயம். ஆனால் அங்கேயும் சின்னம் உத்தரவாதம் தருவதில்லை. கட்சித் தாவல் தடையைச் சொல்லும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தான். கேரளம் 1999இல் உள்ளாட்சிக்கெனத் தனிச் சட்டம் போட்டது, தமிழ்நாட்டில் அப்படி இல்லை. அந்த மார்ச் 4லேயே, கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய சில பதவிகளில் அப்போதைய ஆளுங்கட்சியான திமுகவினரே நின்று ஜெயித்தார்கள். ராஜினாமா செய்யச் சொல்லித் தலைமை அறிக்கை விட வேண்டியிருந்தது. கடைசியில் ஆளின் உறுதிதான் கேள்வி.

சின்னமே இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், கிராம ஊராட்சியைப் பாருங்கள். ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் போடும் பச்சை, மஞ்சள் சீட்டுகளில் கட்சி உண்டு; தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டில் கிடையாது. காலியான இடத்தில் நிலைப்பாடு வந்து உட்கார்ந்ததா? பல ஊர்களில் சாதிக் கணக்கும் பங்காளிக் கணக்கும் வந்து உட்கார்ந்தன. 2019 தேர்தலில் தலைவர் பதவியை ஏலம் விட்ட செய்திகளும் வந்தன. நிலைப்பாட்டை வாக்காளர் தேடிப் பிடிக்க வேண்டும், அதுவாக வராது.

தேடும் முறை இது. மறுபடி நிற்பவர் என்றால் ஆவணம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 6(1)இன் கீழ் மனுப் போட்டு, மன்றக் கூட்ட வருகைப் பதிவேட்டின் நகலையும், வார்டு எண்ணைக் குறிப்பிட்டு அந்த வார்டில் நடந்த வேலைகளின் பட்டியல், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர் பெயர் ஆகியவற்றையும் கேளுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் மனு திரும்பிவிடும். இருக்கும் பதிவைத்தான் தருவார்கள், விளக்கம் தரமாட்டார்கள். புதியவர் என்றால் வேட்புமனுவுடன் தரும் பிரமாணப் பத்திரத்தில் வழக்குகளையும் சொத்தையும் பாருங்கள், பிறகு மேலே சொன்ன வடிகால் கேள்விகளை நேரில் கேளுங்கள். பெண்கள் வார்டு என்றால் வேட்பாளரிடமே கேளுங்கள். பதிலைப் பக்கத்தில் நிற்கும் கணவர் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

சுயேச்சைகள் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாய்ப்பு மறுக்கப்பட்ட கட்சிக்காரர் சுயேச்சையாக நின்று, ஜெயித்த மறுநாள் பழைய இடத்துக்கே திரும்புவது சகஜம். அவரை நிலைப்பாட்டு வேட்பாளர் என்று எண்ணினால் ஏமாற்றம்தான். உண்மையிலேயே தனியாக நின்றவர்களின் ஐந்தாண்டை ஒப்பிட இன்னும் போதிய எடுத்துக்காட்டுகள் சேரவில்லை.

கடைசியாக நாள் கணக்கு. 2022இல் மனு வாபஸ் பிப்ரவரி 7, வாக்குப்பதிவு 19. இடையில் 12 நாள். தகவல் மனுவுக்குப் பதில் தர 30 நாள் அவகாசம், வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு இன்னும் 30. இப்போதைய நகர்ப்புற மன்றங்களின் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. 2016 அக்டோபரில் முடிந்ததற்கு 2022இல்தான் தேர்தல் வந்தது என்பதால் தேதியை நம்ப முடியாது. இருந்தாலும் மனுவை 2026 நவம்பருக்குள் போட்டுவிட்டால், எப்போது அறிவித்தாலும் நகல் கையில் இருக்கும்.